மூட்டுவலி மாத்திரை இதயத்துக்கு நல்லதா? வாசகி கேள்விக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 62. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒன்றரை ஆண்டுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை ஆகியவற்றைத் தவறாமல் சாப்பிடுகிறேன். முழங்கால் தேய்மான வலிக்கு மூன்று மாதமாக மருந்துக்கடையில் அசெக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை வாங்கித் தினமும் இரண்டு வேளை போடுகிறேன். அது கிடைக்காத நாட்களில் இபுபுரோஃபன். முன்பு 130/80 இருந்த பிரஷர் இப்போது 150/90 காட்டுகிறது. மாலையானால் கால் வீங்குகிறது. அழற்சிதான் மாரடைப்புக்குக் காரணம் என்று படித்தேன். அப்படியானால் அழற்சியைக் குறைக்கும் இந்த மாத்திரை இதயத்துக்கு நல்லதுதானே? இரத்தக்குழாய் விரிவதற்கு அர்ஜினைன் பொடி சாப்பிடலாமா என்றும் என் மகன் கேட்கிறான்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள அம்மா,

இதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வேளை மாத்திரைக்கு நேரம் வந்துவிடக்கூடும் என்பதால், விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடும் வலி மாத்திரை உங்கள் இதயத்துக்கு நல்லதல்ல. உங்கள் நிலையில் அது கெடுதல். அசெக்ளோஃபினாக், இபுபுரோஃபன் இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள். வலி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதால் வலி திரும்பி வருமே தவிர, உடலுக்கு வேறு ஆபத்து இல்லை. ஆனால் ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டையும் உங்கள் இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எல்லா மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்திவிடுபவர்கள் பலர் உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் படித்ததில் தவறில்லை. இதயத் தமனிகளின் சுவரில் படிவது வெறும் கொழுப்பு மட்டுமல்ல. அந்தப் படிவுக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் புகுந்து நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகின்றன. அதனால் நலிந்த படிவு ஒருநாள் வெடிக்கும்போது அதன்மேல் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா என்பதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் ஒரே ஒரு அழற்சித் தூதுப்பொருளைத் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்து பரிசோதிக்கப்பட்டது, 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தன. கீல்வாதத்துக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் கோல்சிசின் என்ற மாத்திரை, குறைந்த அளவில், நிலைத்த இதய நோயாளிகளுக்குப் பயன் தந்ததாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் மாரடைப்பு வந்த உடனேயே அதைத் தொடங்கியவர்களிடம் 2024இல் முடிந்த பெரிய ஆய்வில் அந்தப் பயன் தெரியவில்லை. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட்டும் 2018இல் சோதிக்கப்பட்டு இதயத்துக்குப் பயனில்லை என்றே முடிந்தது. அழற்சி பல வழிகளில் நடப்பது. எந்த வழியை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. நீங்கள் போடும் மாத்திரை அடைப்பது வேறொரு வழியை. அந்த வழியில் அழற்சியை உண்டாக்கும் பொருட்களோடு இரத்தக்குழாயைக் காக்கும் பொருளும் சேர்ந்தே உருவாகிறது என்பதுதான் சிக்கல்.

இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் இரத்தக்குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒற்றை அடுக்கு அணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். அது வெறும் பூச்சு அல்ல, இடைவிடாமல் வேதிப்பொருட்களைச் சுரந்துகொண்டிருக்கும் ஓர் உறுப்பு. அவற்றில் ஒன்றான புரோஸ்டாசைக்ளின் குழாயை விரிக்கிறது, இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. தட்டணுக்களோ அதற்கு நேர்மாறான த்ராம்பாக்ஸேன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது குழாயைச் சுருக்கும், தட்டணுக்களை ஒன்றுசேர்த்து உறையவைக்கும். கை வெட்டுப்பட்டால் இரத்தம் நிற்பதற்கு த்ராம்பாக்ஸேன் வேண்டும். வெட்டுப்படாத குழாய்க்குள் இரத்தம் உறையாமல் ஓடுவதற்குப் புரோஸ்டாசைக்ளின் வேண்டும். த்ராம்பாக்ஸேனை 1975இல் ஸ்வீடனில் பெங்ட் சாமுவெல்சன் குழுவினரும், புரோஸ்டாசைக்ளினை 1976இல் இங்கிலாந்தில் ஜான் வேன் குழுவினரும் கண்டறிந்தார்கள். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல் விளக்கியவரும் ஜான் வேன்தான். இந்தத் துறைக்காக 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இவ்விருவரும் சூனே பெர்க்ஸ்ட்ரோமும் பகிர்ந்துகொண்டார்கள்.

இரண்டு பொருட்களும் ஒரே மூலப்பொருளிலிருந்து, காக்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் வழியாகவே உருவாகின்றன. இந்த நொதியில் இரண்டு வகை உண்டு. தட்டணுக்களில் இருப்பதும், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் காக்ஸ்-1. வீங்கிய மூட்டில் பெருகி வலியை உண்டாக்குவது காக்ஸ்-2. வலியைத் தருவது இரண்டாவதுதான் என்றால் அதை மட்டும் தடுத்தால் போதுமே, வயிற்றுப்புண்ணும் வராதே என்ற எண்ணத்தில்தான் 1990களில் காக்சிப் வகை மருந்துகள் உருவாக்கப்பட்டன. அப்போது சரியாகக் கணக்கில் வராத ஒன்றை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவினர் 1999இல் காட்டினார்கள். காக்ஸ்-2ஐத் தடுக்கும் மருந்தை நலமாக இருப்பவர்களுக்குக் கொடுத்து அவர்களின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, புரோஸ்டாசைக்ளினின் எச்சம் குறைந்திருந்தது, த்ராம்பாக்ஸேனின் எச்சம் குறையவில்லை. காக்கும் பொருள் குறைந்து, உறையவைக்கும் பொருள் அப்படியே நின்றது.

இதன் விளைவை உலகம் ரோஃபிகாக்ஸிப் மருந்தில் கண்டது. மெர்க் நிறுவனத்தின் இந்த மருந்து 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டுவாத நோயாளிகளிடம் நாப்ராக்ஸன் என்ற பழைய வலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானபோது, நாப்ராக்ஸன் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் ரோஃபிகாக்ஸிப் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேருக்கும் மாரடைப்பு வந்திருந்தது. நாப்ராக்ஸன் இதயத்தைக் காத்திருக்கும், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று அன்று விளக்கம் சொல்லப்பட்டது. பின்னர், பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட ஆய்விலும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. இம்முறை எதிரே நாப்ராக்ஸன் இல்லாததால் அந்த விளக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 2004 செப்டம்பர் 30 அன்று அந்த மருந்தை நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு இறுதியில் இந்தியாவும் அதைத் தடை செய்தது. முதல் அறிகுறிக்கும் திரும்பப் பெற்றதற்கும் இடையில் நான்கு ஆண்டுகள் கடந்துபோனதை எண்ணினால் இன்றும் மனம் ஆறவில்லை.

இது ஏதோ ஒரு வெளிநாட்டு மருந்தின் கதை, நம் ஊர் மாத்திரைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கக் கூடும். சம்பந்தம் உண்டு. நம் ஊரில் பரவலாகப் போடப்படும் வலி மருந்தான டைக்ளோஃபினாக், காக்சிப் என்ற பெயரைத் தாங்காவிட்டாலும், காக்ஸ்-2ஐத் தடுப்பதில் ஏறத்தாழ அவற்றைப் போலவே நடந்துகொள்கிறது. அசெக்ளோஃபினாக் அதன் நெருங்கிய உறவு. உடலுக்குள் போனதும் அதில் ஒரு பங்கு டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. பல நூறு மருந்தாய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, காக்சிப் மருந்துகளோ அதிக அளவு டைக்ளோஃபினாக்கோ எடுப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன. ஆயிரம் பேர் ஓர் ஆண்டு எடுத்தால் கூடுதலாக மூன்று பேருக்கு அப்படி நேர்கிறது, அவர்களில் ஒருவர் இறக்கிறார். ஆயிரத்தில் மூன்று என்பது சிறிய எண்தான். ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அடிப்படை ஆபத்தே அதிகம் என்பதால், அதே மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் பெரிதாகிவிடுகிறது. மாரடைப்பு வந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்த டென்மார்க் ஆய்வில், டைக்ளோஃபினாக் எடுத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஆபத்து கூடியது தெரிந்தது. இதனால்தான் இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக்கும் அசெக்ளோஃபினாக்கும் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் விதித்திருக்கிறார்கள்.

இபுபுரோஃபனில் உங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆஸ்பிரின் தட்டணுவின் காக்ஸ்-1 நொதிக்குள் இருக்கும் ஒரு குறுகிய இடத்தில் நுழைந்து அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புதிய நொதியை அதனால் பெரும்பாலும் உருவாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே அதன் ஆயுட்காலமான எட்டு முதல் பத்து நாள் வரை த்ராம்பாக்ஸேன் சுரக்காது. வெறும் 75 மி.கி. ஆஸ்பிரின் ஒரு நாள் முழுவதும் உங்கள் ஸ்டென்ட்டைக் காப்பது இப்படித்தான். இபுபுரோஃபனும் அதே இடத்துக்குத்தான் போகிறது, ஆனால் சில மணி நேரம் இருந்துவிட்டு விலகிவிடும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு நடுவழியில் இறங்கிவிடுபவரைப் போல, அது இருக்கும்வரை ஆஸ்பிரினுக்கு இடமில்லை. அது இறங்கும் நேரத்தில் ஆஸ்பிரின் இரத்தத்தில் இல்லை, ஏனென்றால் ஆஸ்பிரின் மிக விரைவில் சிதைந்துவிடுகிறது. காலையில் முதலில் இபுபுரோஃபனைப் போட்டுவிட்டுப் பிறகு ஆஸ்பிரின் போட்ட நாட்களில், நீங்கள் ஆஸ்பிரின் போட்டும் அதன் காவல் குறைந்துபோயிருக்க வாய்ப்புண்டு.

உங்கள் பிரஷரும் கால் வீக்கமும் இதே வேதியியலின் மறுபக்கம். சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளவும் உப்பை வெளியேற்றவும் இந்த வழியில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்களையே நம்பியிருக்கிறது. அவை தடுக்கப்பட்டால் உப்பும் நீரும் உடலில் தங்கிவிடும், டெல்மிசார்ட்டானின் வேலையும் நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதையசைடின் வேலையும் மட்டுப்படும். மாலையில் செருப்பைக் கழற்றும்போது வாரின் தடம் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கிறதா, கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் விரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது நீர் கோத்த வீக்கம். இதைவிட எனக்குக் கவலை தருவது, டெல்மிசார்ட்டான் வகை மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் சேர்வது. தனித்தனியே தாங்கக்கூடியவை மூன்றும் சேர்ந்தால், அதிலும் வாந்தி பேதி வந்து உடல் வறண்ட நாட்களில், சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்கச் செய்யலாம். இதய மருந்தை ஒரு மருத்துவரும் வலி மாத்திரையை மருந்துக்கடையும் கொடுக்கும்போது, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்ப்பதற்கு யாருமே இல்லாமல் போகிறது.

ஆகவே இந்த வாரத்துக்குள் இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், இவற்றோடு ஹீமோகுளோபின் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் எதற்கென்றால், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டோடு வலி மாத்திரையும் சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவு ஏறத்தாழ இரு மடங்காவதை டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மெல்லக் கசியும் இரத்தம் வெளியே தெரியாமல் சோகையாக மட்டும் வெளிப்படலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரே வாரத்தில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு வலி என்றால் 108ஐ அழையுங்கள். வலி மாத்திரையை நிறுத்திய ஓரிரு வாரங்களில் பிரஷர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும் என்பதால், தினமும் ஒரே நேரத்தில் அளந்து தாளில் எழுதி வையுங்கள்.

இனி முழங்கால். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கடிதத்தை முடிக்கப் போவதில்லை. நடக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்குவதும் இதயத்துக்குக் கெடுதல்தான். டைக்ளோஃபினாக்கைக் களிம்பாக முழங்காலில் தடவலாம்: மாத்திரையோடு ஒப்பிட்டால் இரத்தத்துக்குப் போவது நூற்றில் ஆறு பங்கு அளவுதான், முழங்கால் போன்ற தோலடி மூட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். தடவுவதானாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தடவுங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவு தெரிந்த பிறகு தொடங்குவது நல்லது. பாராசிட்டமால் தனி மாத்திரையாகத் தேவைப்படும் நாட்களில் மட்டும் போடலாம். முழங்கால் தேய்மானத்துக்கு அதன் பயன் கொஞ்சம்தான். பிரஷர் உள்ளவர்கள் அதையே தினம் நான்கு கிராம் வீதம் இரண்டு வாரம் எடுத்தபோது மேல் அளவு ஏறத்தாழ ஐந்து புள்ளி ஏறியதாக எடின்பரோவில் நடந்த ஆய்வு 2022இல் காட்டியது. தண்ணீரில் கரையும் பாராசிட்டமாலில் சோடியம் அதிகம் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். நீண்ட நாள் பயன் தருவது தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியே. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நேராக நீட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்ல இறக்கும் பயிற்சியில் தொடங்கி, ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் முறையில் மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

இவையெல்லாம் போதாமல், மாத்திரை கட்டாயம் தேவை என்ற நிலை வந்தால், அதை உங்கள் இதய மருத்துவரும் எலும்பு மருத்துவரும் கலந்து முடிவு செய்யட்டும். நாப்ராக்ஸன் இந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு காட்டியது, ஆனால் வயிற்றுக்கு அது கடுமையானது. செலிகாக்ஸிப் குறைந்த அளவில் நாப்ராக்ஸன், இபுபுரோஃபன் இரண்டையும்விட இதயத்துக்கு மோசமானதல்ல என்று 24,000 பேரிடம் நடந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. ஆனால் அதில் மூன்று வலி மருந்துகளுமே ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன, மருந்தே எடுக்காதவர்களோடு அல்ல. எதைக் கொடுத்தாலும் குறைந்த அளவில், சில நாட்களுக்கு, இரைப்பையைக் காக்கும் மாத்திரையோடுதான் கொடுப்பார்கள். க்ளோபிடோக்ரெல் எடுக்கும் உங்களுக்கு அந்த இரைப்பை மாத்திரை ஒமிப்ரசோலாக இல்லாமல் பான்டோப்ரசோலாக இருப்பது நல்லது.

மருந்துக்கடையில் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டித் தாள் உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையைக் காட்டச் சொல்லி, அதில் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப், இபுபுரோஃபன், நிமெசுலைடு என்ற பெயர்களில் எது இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ ஊசி போடப் போகும் இடத்திலும் ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள். அங்கே போடப்படும் வலி ஊசியும் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்தான்.

கடைசியாக, உங்கள் மகனின் கேள்வி. அவர் நினைப்பதிலும் அறிவியல் இருக்கிறது. எண்டோதீலியம் சுரக்கும் இன்னொரு காவல் பொருள் நைட்ரிக் ஆக்சைடு. 1998ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அதைக் கண்டறிந்ததற்காகத்தான் கொடுக்கப்பட்டது. அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் அது உருவாகிறது. காக்ஸ்-2 தடுக்கப்படும்போது நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைக் குறுக்கே நின்று கெடுக்கும் ஏடிஎம்ஏ என்ற பொருள் இரத்தத்தில் கூடுகிறது என்றும், எலிகளில் அர்ஜினைன் கொடுத்து அந்தப் பாதிப்பைச் சரிசெய்ய முடிந்தது என்றும் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். ஆனால் எலியில் சரியானது மாரடைப்பு வந்த மனிதருக்கும் சரிவரும் என்று வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரிடம் அர்ஜினைனைச் சோதித்தபோது, இரத்தக்குழாயின் விறைப்பு குறையவில்லை; அர்ஜினைன் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டு, மாரடைப்புக்குப் பிறகு அர்ஜினைன் கொடுக்கக் கூடாது என்ற முடிவோடு 2006இல் வெளியானது. ஆகவே அந்தப் பொடியை வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்க உங்கள் மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அது நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. நைட்ரிக் ஆக்சைடைத் தந்து குழாயை விரிக்கும் வேலையை அது சோதித்து உறுதிசெய்யப்பட்ட அளவில் செய்கிறது. அதன் காலாவதித் தேதியை மட்டும் இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.